வறண்ட நாட்டில் நீரின் கைவேலை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்பகுதிக்கு முதல் முறை போனபோது மூன்றே நாளில் ஐந்து தேசியப் பூங்காக்களையும் பார்த்து முடித்துவிட்டேன். ஸயான், பிரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப், கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ். காரை நிறுத்துவது, படம் எடுப்பது, கிளம்புவது. வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால் எது எந்த இடம் என்று எனக்கே பிடிபடவில்லை; எல்லாமே சிவப்புக் கல்லாக இருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் தனியாகப் போனேன், பத்து நாள். அந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு நடந்தேன்: இந்த இடத்தில் தண்ணீர் என்ன செய்திருக்கிறது? அதைக் கேட்கத் தொடங்கியதும் பாறைகள் ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடு தெரிய ஆரம்பித்தன.

பாலைவனம் என்றதும் காற்றுதான் கல்லைச் செதுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே செதுக்கியது பெரும்பாலும் மழையும் உறைபனியும் ஆறும்தான். காற்றின் வேலை அதற்கெல்லாம் முந்தியது. அதைப் பார்க்க நல்ல இடம் ஸயானின் கிழக்கு வாசலை ஒட்டியுள்ள செக்கர்போர்டு மேசா. 1930-ல் திறந்த சுரங்கச் சாலையைக் கடந்து போனால், குன்று முழுக்கக் கட்டம் போட்டதுபோல் கோடுகள். படுக்கைக் கோடுகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். ஒரு கற்றை ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், சட்டென்று அறுபடும், அதன்மேல் இன்னொரு கற்றை வேறு சாய்வில் தொடங்கும். ஒவ்வொரு கற்றையும் ஒரு மணல்மேட்டின் சரிவு. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த பெரும் பாலைவனத்தில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று அந்தச் சாய்வு இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. சாலையோரத்துப் பாறையில் விரலை வைத்துத் தேய்த்தால் நுனியில் பொடி மணல் ஒட்டும். அதே பாலைவனத்து மணல்தான். நிலத்தடி நீர் கொண்டுவந்த சுண்ணாம்பும் இரும்பும் அதைக் கல்லாகப் பிணைத்தன. சிவப்பு நிறம் அந்த இரும்பின் துரு. ஆக, ஒட்ட வைத்ததும் நீர், பிறகு பிரித்தெடுப்பதும் நீர்.

பிரைஸ் கேன்யனை விடியும்போது பாருங்கள். வேறு நேரம் வேண்டாம். மேல்விளிம்பு எட்டாயிரம் அடிக்கும் மேலே இருப்பதால் அக்டோபரிலேயே காது விறைக்கும். அந்தக் குளிர்தான் அங்கே சிற்பி. ஆண்டில் 200 நாள் அளவுக்குப் பகலில் பனி உருகி விரிசலுக்குள் இறங்குகிறது, இரவில் உறைந்து பருத்துக் கல்லை நெம்புகிறது. அப்படி நெம்பி நெம்பி மிஞ்சிய தூண்களுக்கு ஹூடூ என்று பெயர். அந்த மண்ணின் பழங்குடிகளான பயூட் மக்கள், தீச்செயலுக்காகக் கயோட்டி என்னும் மாயநரி கல்லாகச் சமைத்துவிட்ட மனிதர்கள் இவர்கள் என்று கதை சொல்கிறார்கள். விளிம்பில் நின்று பார்க்கும்போது கூட்டமாகத்தான் தெரியும். நவஹோ லூப் பாதையில் கீழே இறங்கி, தூண்களுக்கு நடுவே நின்று, நிமிர்ந்து பாருங்கள். கூட்டத்துக்குள் நாமும் ஒருவராக நிற்பதுபோல் இருக்கும்.

தனியாகப் போவதில் பெரிய வசதி, ஒரே கல்லின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் “போலாமா?” என்று கேட்க ஆள் இல்லை என்பது. அதை முழுக்கப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய இடம் ஆர்ச்சஸ். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல் வளைவுகள். இவற்றின் கதை அடியில் கிடக்கும் உப்பில் தொடங்குகிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் விட்டுப்போன உப்புப் படுகை, மேலே படிந்த பாறையின் பாரம் தாங்காமல் நகர்ந்து, புடைத்து, பாறையை வரிசையாக விரிசல் விடச் செய்தது. விரிசலில் இறங்கிய மழைநீர் மணலைப் பிணைத்திருந்த பசையைக் கரைத்தது. முதலில் மெல்லிய கற்சுவர், அப்புறம் சுவரில் ஓட்டை, அப்புறம் வளைவு. அங்கே இந்தக் கட்டங்கள் அத்தனையையும் பக்கத்துப் பக்கத்தில் காணலாம். இன்னும் ஓட்டை விழாத சுவர்களையும் பாருங்கள். எனக்கு அவைதான் அதிகம் பிடித்தன.

லேண்ட்ஸ்கேப் ஆர்ச் 306 அடி அகலத்துக்கு நாடாபோல் நீண்டு நிற்கிறது. 1991-ல் அதன் அடியிலிருந்து 60 அடி நீளத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அதன் பிறகு அடியில் நடக்க விடுவதில்லை. வால் ஆர்ச் என்ற இன்னொன்று 2008-ல் ஒரு ராத்திரி முழுதாகவே சரிந்துவிட்டது.

டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், 480 அடி ஏற்றம், நிழல் கிடையாது. மூன்று மணிவாக்கில் புறப்படுங்கள். வழுவழுப்பான வெறும் பாறைமேல் பாதை என்று தனியாக எதுவும் இருக்காது. அடுக்கிவைத்த சிறு கற்கள்தான் வழிகாட்டி. கடைசியில் பாறையைக் குடைந்த விளிம்போரமாக 200 கஜம் நடக்கும்வரை வளைவு கண்ணில் படாது. திரும்பியதும் 52 அடி உயரத்தில் ஒற்றையாக நிற்கும். உடனே கேமராவை எடுக்காமல் எதிரே உட்காருங்கள். வெயில் சாயச் சாய, வெளிர் மஞ்சளாக இருந்த கல் உள்ளே தணல் போட்டதுபோல் மாறுவதைப் பார்க்க அரை மணியாவது வேண்டும்.

இனி காலடி. பாறைப் பரப்பில் தட்டு அளவுக்குக் குழிகள் இருக்கும். மழை பெய்த மறுநாட்களில் குனிந்து பார்த்தால் கண்ணாடிபோல் நகரும் சிறு இறால்கள். இவற்றின் முட்டைகள் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிபவை. அதில் விரலை விடாதீர்கள். கையில் பூசிய சன்ஸ்கிரீனே அவற்றுக்கு விஷம். பாதையோரம் கருகிய அப்பம்போல் பொருக்குப் பொருக்காக இருக்கும் மண்ணும் உயிருள்ளது. நுண்ணுயிர்கள் மணலைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. ஒரு மிதி ஆற பல பத்தாண்டுகள் ஆகும். கல்மேல் நடங்கள், அல்லது மழைநீர் ஓடிய மணல் தடத்தில் நடங்கள்.

தனி ஆளாகச் செல்பவருக்குச் சில ஒழுங்குகள் அவசியம். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். பாதி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும், இடம் எவ்வளவு அருகில் இருந்தாலும். பாறையில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கடினம். எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்று ஊரில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது. ஐ-70 சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே நூறு மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் இல்லை. ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் நுழையுமுன் பூங்கா ரேஞ்சரிடம் கேளுங்கள். தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்க, எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும்.

கேப்பிட்டல் ரீஃபைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். செங்குத்துப் பாறைகளில் நீர் வழிந்த தடமெல்லாம் கறுப்புப் பூச்சாக இறங்கியிருப்பதை அங்கே நின்று பாருங்கள். சாலை ஓரத்துப் பாறையிலேயே பண்டைய ஃப்ரீமாண்ட் மக்கள் கொத்திய உருவங்கள் உண்டு. கீழே ஆற்றங்கரையில், பிற்காலத்தில் குடியேறியவர்கள் வைத்த பழத்தோட்டங்களில் பருவகாலத்தில் நாமே ஆப்பிள் பறித்துக்கொள்ளலாம்.

பயணத்தைக் கேன்யன்லேண்ட்ஸில் முடியுங்கள், சூரியன் விழும் நேரத்தில், கிரீன் ரிவர் ஓவர்லுக்கில். ஆயிரம் அடிக்கும் மேலான ஆழத்தில் ஆறு ஒரு நூல்போல் வளைந்து கிடக்கும். அவ்வளவு பெரிய பள்ளத்தைப் பறித்தது அதுதானா என்று சந்தேகமே வரும். பைனாகுலர் இருந்தால் வளைவுகளின் உள்கரையைப் பாருங்கள்: ஆறு ஒதுக்கிவிட்ட மணல் திட்டுகள், ஈரமாக, பாறையின் அதே நிறத்தில்.