மக்கட்பேறும் எதிர்கால அச்சமும்

மகப்பேறு வேண்டா எனத் துணியும் இளையோரை இடித்துரைப்பார், திருக்குறளின் 7ஆம் அதிகாரத்தையும் புறநானூற்றின் 188ஆம் பாட்டையும் துணைக்கு அழைப்பர். அத்துணை பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

மலேசியாவில் 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9ஆக இருந்த மகப்பேறு, 2022இல் 1.6ஆகக் குறைந்தது. காலந்தாழ்ந்த மணம், வாழ்க்கைச் செலவு ஆகியவற்றோடு எதிர்காலம் பற்றிய அச்சமும் இன்று காரணமாகக் கூறப்படுகின்றது. இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த காப்பாரில் இன்று நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் நிற்கின்றது. அங்கு வாழும் இணையர், “பிறக்கும் பிள்ளைக்கு எத்தகைய உலகம் எஞ்சும்?” என வினவின், அதனைத் தன்னலம் என ஒதுக்கல் ஆகாது.

புறநானூற்றுப் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. செல்வம் மிக்கார்க்கும் குழவியில்லா வாழ்நாள் பயனற்றது என்பது அவன் உணர்ந்துரைத்தது. பிறர்க்கு இட்ட கட்டளையன்று. வள்ளுவரோ அறிவுடைய மக்களையே பேறுகளுள் தலையாயதாக வைத்தார்; மகனை அவையில் முதன்மை பெறச் செய்தலைத் தந்தையின் கடமையாக்கினார். பெறுதலினும் பேணி உயர்த்தலே அவ்வதிகாரத்தின் உயிர். அக்கடமையை ஆற்ற இயலாதோ எனக் கலங்குவோர் குறளைப் புறக்கணித்தவர் ஆகார்.

ஆயினும் அச்சத்தோடு அமைதல் வள்ளுவர் நெறியன்று. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிவுடையார் செயலாக 428ஆம் குறளில் கொண்டவர், வருவதை முன்னறிந்து காத்தலை அடுத்த குறளிலேயே கூறினார். அக்காவல் மகப்பெறுவார்க்கும் பெறாதார்க்கும் பொது. இளையோரை மேற்கோளால் மடக்க முற்படுவார், காற்றையும் நீரையும் காக்கத் தாம் செய்தது யாது என முதலில் எண்ணுதல் வேண்டும். வகுப்பில் 7ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், இக்குறள்கள் அமைந்த 43ஆம் அதிகாரத்தையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று.