ஜெரால்ட் வைலி யார்? ரோனி பார்க்கர் பற்றிச் சில குறிப்புகள்

1968-ல் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனில் ‘ஃப்ராஸ்ட் ஆன் சண்டே’ என்றொரு நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் டேவிட் ஃப்ராஸ்ட். கூட நடித்தவர்கள் ரோனி பார்க்கர், ரோனி கார்பெட். இந்த நிகழ்ச்சிக்கு ஜெரால்ட் வைலி என்ற பெயரில் ஸ்கெட்ச்கள் (நாலைந்து நிமிஷத்தில் முடிகிற நகைச்சுவைத் துணுக்கு நாடகங்கள்) வர ஆரம்பித்தன. ஆளை யாரும் பார்த்ததில்லை. ஏஜென்ட் மூலம் காகிதம் மட்டும் வரும். எழுத்து நன்றாக இருந்ததால், யாரோ பெரிய ஆள்தான் பெயரை மாற்றிக்கொண்டு எழுதுகிறார் என்று படப்பிடிப்புக் குழுவில் பேச்சு. டாம் ஸ்டாப்பார்டாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

வைலி எழுதியதில் டாக்டரின் காத்திருப்பு அறையில் நடக்கும் ஒரு ஸ்கெட்ச் கார்பெட்டுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மேடையில் செய்ய அதன் உரிமையை வாங்க நினைத்தார். வைலி தரப்பிலிருந்து 3,000 பவுண்ட் என்று பதில். அநியாய விலை, கொடுக்காதே என்று பார்க்கர் நண்பனுக்குப் புத்தி சொன்னார். பிறகு வைலி அதை இலவசமாகவே கொடுத்துவிட்டதாகத் தகவல் வர, கார்பெட் நெகிழ்ந்துபோய் ஜி.டபிள்யூ. என்று எழுத்துப் பொறித்த கண்ணாடிக் கோப்பைகளை வாங்கி அனுப்பினார்.

கடைசியில் வைலி எல்லோரையும் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டுக்கு விருந்துக்கு அழைத்தார். யார் உள்ளே வரப்போகிறார்கள் என்று எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருக்க, ஏற்கனவே உட்கார்ந்திருந்த பார்க்கர் எழுந்து, நான்தான் என்றார். முதலில் யாரும் நம்பவில்லையாம்.

நமக்குப் புனைபெயர் ஒன்றும் புதிதில்லை. ஆனால் நாம் பார்த்த புனைபெயர்கள் பெரும்பாலும் வாசகரிடமிருந்தோ, ஆபீசிடமிருந்தோ மறைந்துகொள்ள. பார்க்கர் மறைந்தது தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து. நிகழ்ச்சியின் நட்சத்திரம் ஒரு ஸ்கெட்ச் எழுதிக்கொண்டு வந்தால் அதை நல்லா இல்லை என்று யார் சொல்வார்கள்? மரியாதைக்காக எடுத்துக்கொள்வார்கள், மரியாதைக்காகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு வேண்டாம். காகிதத்தில் இருப்பது தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்பது மட்டும் தெரிய வேண்டும். பலர் இதை ஒரு நடிகரின் குறும்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அவருடைய மொத்தத் தொழிலையும் புரிந்துகொள்ள இதுதான் சாவி என்று படுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929-ல் பெட்ஃபோர்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். கட்டடக் கலை படிக்கப் போய் விட்டுவிட்டு, வங்கியில் குமாஸ்தா வேலை பார்த்தார். 1948-ல் எய்ல்ஸ்பரி நாடகக் குழுவில் சேர்ந்தார். இந்த மாதிரிக் குழுக்களில் அடிக்கடி புது நாடகம் போடுவார்கள். கிழவன், போலீஸ்காரன், வேலைக்காரன் என்று கிடைத்த வேஷத்தையெல்லாம் கட்ட வேண்டும். பிறகு லண்டன் மேடை, ‘தி நேவி லார்க்’ என்ற ரேடியோத் தொடர், 1966-ல் ‘தி ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்’. ஜான் கிளீஸ், பார்க்கர், கார்பெட் மூவரும் உயர வரிசையில் நின்று மேல்தட்டு, நடுத்தரம், கீழ்த்தட்டு என்று பேசும் அந்தப் பிரபலமான துண்டு இதில் வந்ததுதான். (அதை எழுதியது மார்ட்டி ஃபெல்ட்மனும் ஜான் லாவும்; வைலி இல்லை.)

1971-ல் பிபிசியில் ‘தி டூ ரோனீஸ்’ ஆரம்பித்தது. 1987 வரை ஓடியது. அதில் ஒரு விஷயம் கவனிங்க. கார்பெட் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயரிலேயே, தன் மனைவி, தன் தயாரிப்பாளர் என்று சொல்லிச் சொல்லிக் கதையை வளர்ப்பார். பார்க்கர் ஒருபோதும் அப்படி உட்கார்ந்ததில்லை. அவருடைய தனிப்பேச்சு எப்போதும் ஏதாவது ஒரு சங்கத்தின் தலைவராக, அமைச்சகப் பேச்சாளராகத்தான் இருக்கும். சொற்களைச் சரியாக உச்சரிக்க முடியாதவர்கள் சங்கத்தின் சார்பாக அவர் பேசுவது ஒன்று உண்டு. ‘பல் வலி’ என்று சொல்ல வந்தவர் ‘வல் பலி’ என்று சொல்லிவிட்டு, அதை உணராமல் கம்பீரமாகத் தொடர்ந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ரோனி பார்க்கராக நின்று பேசச் சொன்னால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்; வேறு ஒரு ஆளாக நின்றால் மூச்சு விடாமல் கொட்டுவார்.

இனி மெழுகுவர்த்திக்கு வருவோம். 1976-ல் ஒளிபரப்பான ‘ஃபோர் கேண்டில்ஸ்’, வைலி பெயரில் எழுதியது. யூட்யூபில் கிடைக்குது, பார்க்காதவங்க ஒரு நடை பார்த்துட்டு வந்துடுங்க.

ஒரு ஹார்ட்வேர் கடை. கார்பெட் கடைக்காரர், பார்க்கர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கேட்பது தோட்டத்தில் மண் கிளறும் ஃபோர்க்குக்கு ஹேண்டில், அதாவது பிடி. ஆனால் லண்டன் சாதாரண ஜனங்களின் பேச்சில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஹ’ விழுந்துவிடும். ‘ஃபோர்க் ஏண்டில்ஸ்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்க: ‘ஃபோர் கேண்டில்ஸ்’. கடைக்காரர் நாலு மெழுகுவர்த்தியை எடுத்துவைக்கிறார். அடுத்து ‘ஓஸ்’. ‘ஹ’ விழுந்த சொல்லாக எடுத்துக்கொண்டு கடைக்காரர் மண்வெட்டி மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவருகிறார், பிறகு தண்ணீர்க் குழாயைக் கொண்டுவருகிறார். அவருக்கு வேண்டியது வீட்டு கேட்டில் பெயர் ஒட்டுவதற்கான ‘ஓ’ எழுத்துகள். ஏணி போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கி, கொடுத்து, திரும்ப மேலே வைத்து இறங்கினால் அடுத்து ‘பீஸ்’ வேண்டும் என்கிறார். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறி ‘பி’ எழுத்துகளை இறக்குகிறார். கேட்டது டின்னில் அடைத்த பச்சைப் பட்டாணி!

இதைச் சிலேடை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. சிலேடையில் சொல்பவர் இரண்டு அர்த்தத்தையும் தெரிந்தே சொல்வார். இங்கே வாடிக்கையாளருக்குத் துளியும் விஷமம் இல்லை. அவர் நேர்மையாக, சோம்பலாக, தனக்கு வேண்டியதைக் கேட்கிறார். அதனால்தான் கடைக்காரருக்குக் கோபம் ஏறுகிறது. கோபிக்கவும் முறையான காரணம் கிடைக்கவில்லை. முக்கியமானது வாடிக்கையாளர் கையில் இருக்கும் சீட்டு. அத்தனையும் அதில் எழுதியிருக்கிறது. கடைக்காரர் முதலிலேயே அதை வாங்கிப் படித்திருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. காகிதத்தில் எல்லாம் தெளிவு. வாய்க்கு வந்ததும் எல்லாம் நாசம். எழுத்தை மட்டும் நம்பி, ஆளை மறைத்துக்கொண்ட ஒருவர்தான் இதை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான். முடிவு சுமார். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு வெறுத்துப் போய்விட, வேறொருவர் வந்து ஒரு கொச்சை வார்த்தையை நினைவூட்டும் கருவியின் பெயரைச் சொல்கிறார். அதுவரை இருந்த நுட்பத்துக்கு அது ஈடே இல்லை.

வைலியின் எல்லையும் இதுதான். ஐந்து நிமிஷத்துக்குச் சொற்களைச் சுழற்றத் தெரிந்தவருக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு மனுஷனை உருவாக்க வரவில்லை. பாப் ஃபெரிஸ் என்ற இன்னொரு புனைபெயரில் அவரே எழுதி நடித்த ‘கிளாரன்ஸ்’ (1988), கண் சரியாகத் தெரியாத வீட்டுச்சாமான் ஏற்றுகிறவரின் கதை. தட்டுமுட்டு இடிபடுவதைத் தவிர ஞாபகத்தில் நிற்பது குறைவு.

ஆனால் அவருடைய தலைசிறந்த நடிப்பு ‘பாரிட்ஜ்’ (1974-77). எழுதியது டிக் கிளெமென்ட்டும் இயன் லா ஃப்ரெனேயும். சிறையில் ஐந்து வருஷம் தள்ள வேண்டிய ஃப்ளெட்சர் என்ற பழைய கைதி. தப்பிக்கவெல்லாம் அவனுக்கு ஆசையில்லை. மக்கே என்ற வார்டருக்கு எதிராகத் தினம் ஒரு சின்ன ஜெயிப்பு போதும். ‘எ நைட் இன்’ என்ற எபிசோடில் ராத்திரி முழுக்க அந்த அறையில் இரண்டே பேர். ஃப்ளெட்சரும், முதல்முறை சிறைக்கு வந்த காட்பர் என்ற இளைஞனும் (ரிச்சர்ட் பெக்கின்சேல்). வேஷம் இல்லை, உச்சரிப்பு விளையாட்டு இல்லை, ஏணி இல்லை. பயந்துபோன ஒரு பையனை, பாசம் காட்டுவது வெளியே தெரியாமல் தேற்ற வேண்டும். பார்க்கர் சிடுசிடுப்பை விடாமலே அதைச் செய்கிறார். தன்னை மறைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே அந்தப் பாத்திரத்தின் பழக்கமாகவே ஆகிவிடுகிறது.

எல்லாவற்றையும் கொண்டாட முடியாது. ‘ஓப்பன் ஆல் அவர்ஸ்’ தொடரில் மளிகைக்கடை ஆர்க்ரைட்டுக்கு அவர் கொடுத்த திக்குவாய், நேரக் கணக்கில் அற்புதம். திக்குவாய் உள்ள ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பார்க்க எனக்கு மனசு வராது. ‘டூ ரோனீஸ்’ பாட்டுகளிலும் துணுக்குகளிலும் பெண்கள் வருவதே மார்பளவு ஜோக்குக்காக என்கிற இடங்கள் நிறைய. அடுத்த தலைமுறையின் ‘நாட் தி நைன் ஓ’கிளாக் நியூஸ்’ இதைத்தான் ‘தி டூ நின்னீஸ்’ என்று கிண்டலடித்தது. பார்க்கருக்கு ரொம்ப வருத்தம். வருத்தப்பட்டது சரி, ஆனால் கிண்டலில் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது.

58 வயதில் நடிப்பை விட்டுவிட்டு சிப்பிங் நார்ட்டனில் பழம்பொருள் கடை வைத்தார். 2002-ல் ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ படத்தில் சர்ச்சிலின் பணியாள் வேஷம் உட்பட, பிற்பாடு ஒன்றிரண்டு தடவைதான் திரும்பி வந்தார். 2005-ல் இறந்தார். மறுவருஷம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த நினைவு வழிபாட்டில், வழக்கமாக ஊர்வலத்தில் கொண்டுவரும் இரண்டு மெழுகுவர்த்திக்குப் பதிலாக நாலு. 2007-ல் அந்த ஸ்கெட்சின் கைப்பிரதி ஏலத்தில் 48,500 பவுண்டுக்குப் போனது. உண்மையான பிரதிதான் என்று நம்ப வைத்தது பார்க்கரின் கையெழுத்து.