மயில் விரட்டும் ஒலிபெருக்கி: வாங்கினால் மட்டும் போதாது

பெரம்பலூர் பக்கம் புரட்டாசி மழைக்கு மக்காச்சோளம் ஊன்றிய கொல்லையை அடுத்த நாள் விடியலில் போய்ப் பார்க்க வேண்டும். ஈரக் கரிசலில் வரிசை நெடுக விரல் நுழையும் அளவுக்குக் குழிகள் கிடக்கும். பக்கத்திலேயே முன்னால் மூன்று விரல் விரிந்த கால்தடம். 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நேர்கோடாக ஊன்றிவிட்டால் மயிலுக்குத் தேடும் வேலையே மிச்சம். ஒரு விதையை எடுத்ததும் அடுத்தது எங்கே என்று தெரிந்துவிடுகிறது. ஒட்டுரக விதை மூட்டை விற்கிற விலையில் இது வயிற்றில் அடிக்கிற இழப்பு.

துப்பாக்கிப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விஷம் வைத்தாலும் அதே குற்றம்தான். கொல்லாமல் விரட்டத்தான் வேண்டும். அரியலூர், பெரம்பலூர் விவசாயிகள் இப்போது அதிகம் கட்டுவது கையில் பிடித்துப் பேசுகிற மெகாபோன் வகை ஒலிபெருக்கியை. குரலைப் பதிவு செய்து பொத்தானை அழுத்தினால் அதையே திரும்பத் திரும்பக் கத்தும். சார்ஜ் ஏற்றும் பேட்டரி உள்ளேயே இருக்கும்.

கடையில் வாங்கியபடியே கட்டினால் முதல் சில நாள் மயில் ஓடுகிறது. அப்புறம் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. கடைசியில் ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியிலேயே மேய்கிறது. சத்தம் குறைவு என்று நினைத்துப் பெரிய கருவிக்குப் பணத்தைப் போடுகிறவர்கள் உண்டு. குறை சத்தத்தில் இல்லை, ஓயாமல் ஒரே மாதிரி கத்துவதில்தான். எந்த ஆபத்தும் பின்னால் வராத சத்தத்தைப் பறவை சீக்கிரம் ஒதுக்கிவிடும்.

ஆகவே மெமரி கார்டு செருகும் இடம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி எடிட்டிங் செயலி ஒன்றே போதும். நாய் குரைப்பு, தகரம் தட்டுவது, ஆள் அதட்டுவது எல்லாவற்றையும் ஒரே நீண்ட பதிவாகக் கோத்து, இடையிடையே மௌனத்தை விடுங்கள்: ஓரிடத்தில் 3 நிமிடம், அடுத்ததில் 11, பிறகு 6. மௌனமும் பதிவுக்குள்ளேயே இருப்பதால் தனி டைமர் தேவையில்லை, பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். எப்போது கத்தும் என்று தெரியாததுதான் மயிலைத் தள்ளி நிறுத்துகிறது. இந்த ஒரு மாற்றத்துக்கே கருவி கொடுத்த காசுக்குத் தகும் என்பேன்.

அடுத்தது, கட்டும் இடம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் இறங்கும். 10 மீட்டரில் காதை அடைக்கிற சத்தம் 80 மீட்டர் போவதற்குள் 18 டெசிபல் இழந்துவிடும். குழாயின் முதுகுப் பக்கம் இன்னும் மோசம். நடுக்கொல்லையில் ஒன்று கட்டுவதைவிட, மயில் இறங்கி வரும் வரப்பில் அது வருகிற திசை பார்த்துக் கட்டுவது நல்லது. பழைய எண்ணெய்க் கேனைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்தால் மழைக்கு மூடியாகும்.

சார்ஜ் போதவில்லை என்று மருந்தடிக்கும் தெளிப்பானின் 12 வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். சிறிய மாடல்களின் போர்டு அதைத் தாங்காது. வோல்டேஜைக் குறைக்கும் சின்ன போர்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். அதை நடுவில் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

கூடவே சிவப்பும் வெள்ளியுமான பளபள ரிப்பனை முறுக்கி வரப்போரம் கட்டுங்கள். காற்றில் அது மின்னும், விம்மவும் செய்யும். காற்றில்லாத நாளில் பயனில்லை. விடியலிலும் சாயங்காலமும் நாயோடு ஒரு நடை போய்வந்தால் பதிவிலிருக்கும் குரைப்புக்கும் பயம் ஒட்டிக்கொள்ளும்.

பிவிசி குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டுப் பற்றவைக்கும் ‘துப்பாக்கி’யை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். உள்ளே உருவாகும் அசிட்டிலின் வாயு சில நேரம் உடனே பிடிக்காது. ஏன் வெடிக்கவில்லை என்று குனிந்து பார்க்கும்போது முகத்தில் வெடிக்கும். 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலருக்குக் கண் போனது இந்தக் குழாயால்தான்.

காட்டுப்பன்றிக்கு இந்த ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். அது வருவது ராத்திரியில். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கமும் போகும். மயிலுக்கென்றால், ஊன்றிய அன்றே கட்டி, நாற்று வேர் பிடித்து நின்றதும் கழற்றிவிடுங்கள். கதிர் பால் பிடித்துக் கிளி இறங்கும்போது புதுப் பதிவோடு திரும்பக் கட்டலாம். அப்போது ஒலிபெருக்கிக் குழாய் பயிருக்கு மேலே இருக்க வேண்டும். ஆள் உயரத் தட்டைக்குள் வைத்தால் சத்தத்தை இலையே குடித்துவிடும்.