உருவகமும் பொறுப்பும்: பரவல் கணினியமைப்புகளின் நம்பிக்கை, காப்பு, தன்மேலாண்மை குறித்த நான்கு மூலக்கட்டுரைகள் பற்றிய திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பரவல் கணிமை, எங்கும்நிறை கணிமை ஆகிய துறைகளின் அடிப்படைக் கருத்துகள் பல உருவகங்களின் வழியே முன்வைக்கப்பட்டன. மறையும் கருவி, உயிருடல், முற்றுகையிட்ட தளபதிகள், தாயைப் பின்தொடரும் வாத்துக்குஞ்சு என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 1982 முதல் 2003 வரை வெளிவந்த நான்கு கட்டுரைகளைக் கொண்டு, இவ்வுருவகங்கள் எதை விளக்குகின்றன, எதை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று முடக்கங்கள் உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன. பொறுப்பு யாருடையது என்னும் வினாவை உருவகத்திற்குள்ளேயே வைத்திருப்பது வாத்துக்குஞ்சு ஒன்றே என்பதும், அதுவும் இன்று திருத்தம் வேண்டி நிற்கிறது என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உருவகம், பரவல் கணிமை, எங்கும்நிறை கணிமை, நம்பிக்கை, தன்மேலாண்மை, பொறுப்பு.

முன்னுரை

உருவகம் ஒரு பொருளின் ஒரு பக்கத்துக்கு வெளிச்சம் தரும்போது மறுபக்கத்தை இருளில் விடுகிறது. கவிதையில் இவ்விருள் குறையாகாது. ஆனால், ஒரு பொறியமைப்பை வடிவமைப்போர் அதே உருவகத்தைக் கொண்டே சிந்திக்கத் தொடங்கும்போது, விடுபட்ட பக்கம் அமைப்பிலும் விடுபட்டுப்போகிறது. இலக்கியத் திறனாய்வின் கருவிகளைக் கொண்டு அறிவியற் கட்டுரைகளை வாசிப்பதற்கான தேவை இங்குதான் எழுகிறது.

பரவல் கணினியமைப்பு என்பது, தனித்தனி இடங்களில் உள்ள கணினிகள் வலையமைப்பால் இணைந்து ஒரே பணியைச் செய்வது. எங்கும்நிறை கணிமை என்பது, வீட்டுக் கேமரா, கதவுப் பூட்டு, மருத்துவமனைக் கருவி என அன்றாடப் பொருள்களுக்குள் கணினி புகுந்துகொண்ட நிலை. இவ்விரண்டிலும் மையத்தில் அமர்ந்து அனைத்தையும் பார்க்கும் ஒருவர் இல்லை. ஆகவே யாரை நம்புவது, எப்படிக் காப்பது, மனிதர் தலையீடின்றி அமைப்பு தன்னைத்தானே எவ்வாறு நடத்திக்கொள்வது என்னும் மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

மறையும் கருவி

ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த மார்க் வைசர், 1991 செப்டம்பர் மாத ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 21ஆம் நூற்றாண்டின் கணினி பற்றிய கட்டுரையை எழுதினார். மிக ஆழமான தொழில்நுட்பம் என்பது கண்ணிலிருந்து மறைந்து வாழ்வோடு கலந்துவிடுவதே என்பது அதன் தொடக்கக் கருத்து. எழுத்தையும் மின்மோட்டாரையும் அவர் சான்று காட்டுகிறார். ஒரு காருக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மோட்டார்கள் இருந்தும் ஓட்டுபவர் அவற்றை நினைப்பதில்லை; கணினியும் அவ்வாறே ஆகவேண்டும் என்கிறார்.

மோட்டார் உவமை பயன்பாட்டைப் பொறுத்தவரை பொருந்துகிறது. காப்பைப் பொறுத்தவரை பொருந்தவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கும் மோட்டார், உலகின் மறுமூலையில் உள்ள அந்நியர் ஒருவரின் ஆணைக்குக் கீழ்ப்படியாது. வலையமைப்பில் இணைந்த கணினி கீழ்ப்படியக்கூடும். வைசர் இதை முற்றிலும் மறந்தவர் அல்லர். ஒவ்வோர் அறையிலும் மனிதரை உணரும் நூற்றுக்கணக்கான கணினிகள் இருந்தால் அது கொடுங்கோன்மைக்கு வழிவகுக்கக்கூடும் என்று அக்கட்டுரையிலேயே எச்சரிக்கிறார். ஆயினும் மறைகுறியீட்டு நுட்பங்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டால் தனியுரிமையைக் காக்கலாம் என்ற அளவில் அமைகிறார். மறைதலே ஆபத்தின் ஒரு காரணமாகலாம் என்னும் எண்ணம் கட்டுரையில் இடம்பெறவில்லை.

2016இல் பரவிய ‘மிராய்’ தீநிரல் அந்த விடுபாட்டை வெளிக்கொணர்ந்தது. இணையக் கேமராக்கள், காணொளிப் பதிவுக் கருவிகள், வீட்டு ரௌட்டர்கள் ஆகியவற்றில் தொழிற்சாலையிலேயே இடப்பட்டிருந்த பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை முயன்று பார்ப்பதே அதன் முதன்மை உத்தி. உச்சத்தில் ஏறத்தாழ 6,00,000 கருவிகள் அதன் பிடியில் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று ‘டின்’ என்னும் இணையப்பெயர்ச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டபோது, ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்களைப் பலரால் அணுக இயலவில்லை.

இங்கு நோக்கத்தக்கது இழப்பின் பங்கீடு. கேமராவின் உரிமையாளருக்குப் பெரும்பாலும் எந்த இழப்பும் புலப்படவில்லை. கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருந்தது. பாதிப்பு முற்றிலும் வேறொருவருக்கு. சில கருவிகளில் அக்கடவுச்சொல்லை மாற்றும் வழியே உரிமையாளருக்குத் தரப்படவில்லை. கண்ணிலிருந்து மறைந்த கருவி, உரிமையாளரின் பொறுப்புணர்விலிருந்தும் மறைந்துவிட்டது. ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சட்டவிதிகள், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லுடன் நுகர்வோர் கருவிகளை விற்பதைத் தடுக்கின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எதுவரை வழங்கப்படும் என்பதை அறிவிக்கவும் பணிக்கின்றன. மறைந்ததை மீண்டும் கண்முன் கொண்டுவரும் முயற்சியாகவே இவற்றைக் கொள்ளவேண்டும்.

உயிருடல்

2001இல் ஐபிஎம் நிறுவனத்தின் பால் ஹார்ன், கணினியமைப்புகளின் சிக்கல் மனிதர் கையாளும் எல்லையைக் கடந்துகொண்டிருக்கிறது என்று எச்சரித்து, தன்னியக்கக் கணிமை என்னும் திட்டத்தை அறிவித்தார். ஜெஃப்ரி கெஃபார்ட், டேவிட் செஸ் இருவரும் 2003 சனவரியில் எழுதிய கட்டுரை அதற்கு முழு வடிவம் தந்தது. இதயத்துடிப்பையும் உடல்வெப்பத்தையும் நம் கவனமின்றியே சீராக்கும் தன்னியக்க நரம்பு மண்டலம் இங்கு உருவகமாகிறது. தன்னைத்தானே அமைத்துக்கொள்ளுதல், மேம்படுத்திக்கொள்ளுதல், குணப்படுத்திக்கொள்ளுதல், காத்துக்கொள்ளுதல் என நான்கு பண்புகள் வகுக்கப்பட்டன. கண்காணித்தல், பகுத்தாய்தல், திட்டமிடுதல், செயற்படுத்துதல் என்னும் சுழற்சி இவற்றை இயக்குகிறது.

உடல் உருவகத்தின் வலிமை, நலம் என்பதற்கு ஒரே பொருள் உண்டு என்னும் எண்ணத்தைத் தருவதில் உள்ளது. அதன் குறையும் அதுவே. உடலின் உறுப்புகளுக்கு உயிர் வாழ்தல் என்னும் பொதுநோக்கு உண்டு. பரவல் அமைப்பின் உறுப்புகளோ வெவ்வேறு உரிமையாளர்களுக்கும் வெவ்வேறு நலன்களுக்கும் உரியவை. எது நலம், எது நோய் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே விதியாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. முரண்பட்ட, ஆபத்தான இலக்குகளிலிருந்து அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று கெஃபார்டும் செஸ்ஸும் சுட்டியிருப்பது அவர்களது நேர்மைக்குச் சான்று. ஆனால், இலக்கு சரியாக இருந்தும் நோயறியும் விதியே பிழைபட்டால் என்னாகும் என்பதற்கு உருவகத்தில் இடமில்லை.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியன ஏறத்தாழ ஆறு மணிநேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது, வலையமைப்பின் கொள்திறனை மதிப்பிடக் கருதி இடப்பட்ட ஆணை ஒன்று, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்தது. அத்தகைய ஆணையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவி, தன்னுள் இருந்த பிழையால் தடுக்கவில்லை. அடுத்து நிகழ்ந்ததே நம் ஆய்வுக்கு முதன்மையானது. தரவு மையங்களை அணுக முடியாத பெயர் வழங்கிகள், தம் இணைப்பு நலமாக இல்லை என முடிவுசெய்து, தம்மை அடையும் வழித்தட அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றன. அதனால் நன்கு இயங்கிக்கொண்டிருந்த அவ்வழங்கிகளும் இணையத்திலிருந்து காணாமற்போயின. அவை விதியை மீறவில்லை. தம்மைக் காக்கும் விதியை அப்படியே பின்பற்றின.

ஒரு வழங்கி மட்டும் துண்டிக்கப்படும்போது அறிவார்ந்ததாக உள்ள விதி, அனைத்தும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படும்போது முடக்கத்தை முழுமையாக்கியது. மேலும், பழுதைக் கண்டறியப் பயன்படும் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்தமையால் அவையும் செயலிழந்தன. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல நேர்ந்தது. அந்நியர் புகாவண்ணம் அமைந்த கட்டடக் காப்பு அவர்களுக்கும் காலத்தடையாயிற்று. நோயுற்ற உடலுக்கு வெளியே மருத்துவர் ஒருவர் நிற்கவேண்டும் என்பதைத் தன்னியக்க உருவகம் நினைவூட்டுவதில்லை.

முற்றுகையிட்ட தளபதிகள்

லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982இல் எழுதிய பைசாந்தியத் தளபதிகள் சிக்கல், நம்பிக்கையைக் கணக்காக மாற்றியது. நகரைச் சூழ்ந்த தளபதிகள் தூதர் வழியே பேசி ஒரே முடிவுக்கு வரவேண்டும், சிலர் துரோகிகள். வாய்மொழிச் செய்தி மட்டுமே உண்டெனில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் நேர்மையாளராக இருந்தால்தான் உடன்பாடு கிட்டும். மூவரில் ஒருவர் துரோகி என்றாலும் தீர்வில்லை. போலி செய்ய இயலாத ஒப்பம் இருப்பின் இவ்வரம்பு தளர்கிறது.

இவ்வுருவகத்தின் அருமை, எவரும் துரோகியாகலாம் என்னும் ஐயத்தை நாகரிகமாக ஏற்பது. எந்த ஒருவரையும் நம்பாமல் எண்ணிக்கையை நம்பலாம் என்பது அதன் கொடை. ஆனால், தளபதி என்ற சொல் ஒரு தனி மனிதரை நினைவுக்குக் கொண்டுவருகிறது. தனித்தனி மனிதர் தனித்தனியே கெடுவர் என்னும் எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. கணினிகள் அவ்வாறு கெடவேண்டும் என்பதில்லை. ஒரே மென்பொருளை இயக்கும் ஆயிரம் கணினிகள் ஒரே பிழையால் ஒரே கணத்தில் கெடலாம்.

2024 சூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய உள்ளடக்கப் புதுப்பிப்பு ஒன்று ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. புதுப்பிப்பு 21 உள்ளீடுகளை எதிர்நோக்க, அதைப் படிக்கும் நிரல் 20 உள்ளீடுகளையே தந்தது என்பதே அடிப்படைப் பிழை. 78 நிமிடங்களில் புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டது. எனினும் முடங்கியவற்றுள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மீட்க வேண்டியதாயிற்று. இது பைசாந்திய நெறிமுறையின் தோல்வி அன்று. அந்நெறிமுறை இங்குப் பயன்படவும் இல்லை. ஆனால் எண்ணிக்கையில் பாதுகாப்பு உண்டு என்னும் மனப்பாங்குக்கு இது வரம்பு காட்டுகிறது. துரோகிகள் மூன்றிலொரு பங்கை எட்டமாட்டார்கள் என்பது தேற்றம் வேண்டும் முன்நிபந்தனை. எல்லாத் தளபதிகளும் ஒரே இடத்திலிருந்து ஆணை பெற்றால் அந்நிபந்தனை நிலைக்காது. காவலுக்கென வைக்கப்பட்டதே கதவை அடைத்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

வாத்துக்குஞ்சு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோ, ராஸ் ஆண்டர்சன் இருவரும் 1999இல் மீண்டெழும் வாத்துக்குஞ்சு என்னும் மாதிரியை முன்வைத்தனர். முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் அசைவதைத் தாயாக ஏற்கும் பறவைக்குஞ்சு பற்றிய கொன்ராட் லோரன்ஸின் ஆய்வை இது நினைவுகூர்கிறது. மருத்துவர் ஒருவர் வெப்பமானியை எடுத்துத் தம் கையடக்கக் கணினியோடு தொடச்செய்கிறார். அந்நொடியில் மறைசாவி ஒன்று கைமாறுகிறது. அதன்பின் அவ்வெப்பமானி அவருக்கு மட்டுமே கீழ்ப்படியும். பணி முடிந்தபின் அவர் அவ்வுறவை முடித்து வைப்பார். கருவி ‘இறந்து’, அடுத்த உரிமையாளருக்காக மீண்டும் பிறக்கும்.

ஏனைய மூன்று உருவகங்களில் இல்லாத இரு கூறுகள் இதில் உள்ளன. ஒன்று, நம்பிக்கை தொடங்கும் கணம் கண்ணால் காணத்தக்கது. இரு பொருள்கள் தொடுகின்றன. மற்றொன்று, நம்பிக்கைக்கு முடிவு உண்டு. முடிப்பவர் யார் என்பதும் தெளிவு. தாயல்லாத ஒருவர், சான்றாக உற்பத்தியாளர், சாவாணை இடும் அதிகாரத்தை வைத்திருக்கலாம் என்னும் வழியையும் ஆசிரியர்கள் மறைக்காமல் பேசுகின்றனர்.

இன்று அந்த விதிவிலக்கே விதியாகிவிட்டது எனலாம். கடையில் வாங்கும் கேமரா பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உற்பத்தியாளரின் வழங்கியை அறிந்திருக்கிறது. குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே தாய் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. வாங்கியவர் வளர்ப்புத் தாயாகவே எஞ்சுகிறார். அந்நிறுவனம் சேவையை நிறுத்தினால் கருவி செயலிழக்கக்கூடும். அவ்வாறு செயலிழந்ததை மீண்டும் பிறப்பிக்க உரிமையாளரால் இயலாது. ஆகவே வாத்துக்குஞ்சு உருவகத்தைக் கைவிடுவதைவிட, தாயை மாற்றிக்கொள்ளும் உரிமையை அதனுள் சேர்ப்பதே பொருத்தமாகும்.

நம்பப்படுவதும் நம்பத்தக்கதும்

ஒரு கூறு நம்பப்படுகிறது என்பதும் அது நம்பத்தக்கது என்பதும் வேறு. முன்னது, அது கெட்டால் நம் காப்பும் கெடும் என்னும் நிலையைக் குறிக்கும். பின்னது அதன் தகுதியைக் குறிக்கும். ஆண்டர்சன் தம் பாதுகாப்புப் பொறியியல் நூலில் இவ்வேறுபாட்டை வலியுறுத்துகிறார். கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில், மூலநிரலை எவ்வளவு ஆராய்ந்தாலும் அதை இயந்திரமொழியாக்கும் தொகுப்பியே தீங்கு விளைவிக்கலாம் எனக் காட்டினார். நம்பப்படுவதன் பட்டியல் நாம் எண்ணுவதைவிட எப்போதும் நீளமானது என்பது இதன் உட்பொருள்.

தமிழில் செயப்பாட்டு வினைமுடிபும் தகுதிப் பொருள் தரும் முடிபும் இவ்வேறுபாட்டை ஐயத்திற்கிடமின்றி உணர்த்துகின்றன. ஆயினும் நம் கணினித்தமிழ் எழுத்தில் நம்பிக்கை என்னும் ஒரே சொல், எதிர்பார்ப்பு, சமய உணர்வு, சார்பு, தகுதி ஆகிய அனைத்துக்கும் வழங்குவதைக் காண்கிறோம். திருக்குறளின் 51ஆம் அதிகாரத் தலைப்பில் தெளிதல் என்னும் சொல், ஆராய்ந்தபின் நம்புதலைக் குறிக்கிறது. அடுத்த அதிகாரம் அவ்வாறு தேர்ந்தோரிடம் வினையை ஒப்படைப்பதைப் பேசுகிறது. இதைக்கொண்டு வள்ளுவர் கணினியை முன்னுணர்ந்தார் என்பது ஆய்வாகாது. ஆராய்தல், நம்புதல், ஒப்படைத்தல் ஆகிய மூன்றையும் பிரித்துரைக்கும் சொல்வளம் நம்மிடம் உண்டு என்பதும், கலைச்சொல்லாக்கத்தில் அது பயன்படவேண்டும் என்பதுமே இங்குக் கருதப்படுவது.

முடிவுரை

மறையும் கருவி உரிமையாளரின் பார்வையை விலக்கியது. உயிருடல், வெளியிலிருந்து தலையிடுவோரின் இடத்தை விலக்கியது. தளபதிகள் உருவகம், பலரும் ஒரே காரணத்தால் கெடும் வாய்ப்பைப் பின்தள்ளியது. வாத்துக்குஞ்சு மட்டுமே நம்பிக்கையின் தொடக்கத்தையும் முடிவையும் பெயரிட்டுச் சொன்னது. ஆனால் தாய் யார் என்பதை உற்பத்தியாளரே முடிவுசெய்யும் இன்றைய சந்தைக்கு அது முழுதும் விடை தரவில்லை.

மூன்று முடக்கங்களிலும் இறுதியில் தேவைப்பட்டது மனிதர் ஒருவரின் கைதான்: கடவுச்சொல்லை மாற்றும் கை, தரவு மையத்தின் கதவைத் திறக்கும் கை, ஒவ்வொரு கணினியையும் மீட்கும் கை. அந்தக் கைக்கு இடம் விடாத தன்மேலாண்மையை முழுமை பெற்றதாகக் கருத இயலாது. பரவல் அமைப்பு ஒன்றை மதிப்பிடும்போது, அது எவ்வளவு தானாக இயங்குகிறது என்பதோடு, அது தவறும்போது யார் அறிவார், யார் நிறுத்தலாம், யார் பொறுப்பேற்பார் என்பவற்றையும் வினவவேண்டும். இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் உருவகங்களைத் தேடுவது பொறியாளரின் பணி மட்டுமன்று. மொழியைத் தொழிலாகக் கொண்டோரின் பணியும் ஆகும்.