கார்கோசா கைமாறிய வழி

1886இல் சான் பிரான்சிஸ்கோ இதழொன்றில் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் ஒரு சிறுகதை எழுதினார். தான் செத்துப்போனதை அறியாத ஒருவன் பாழ்நிலத்தில் அலைகிறான். சுற்றிக் கிடப்பது தன் சொந்த நகரமான கார்கோசாவின் இடிபாடு என்பது கடைசியில்தான் அவனுக்குத் தெரிகிறது. அந்தக் கதையில் ஹாலி என்பவர் சாவைப் பற்றிச் சிந்தித்த ஞானி. பியர்ஸின் மற்றொரு கதையில் வரும் ஹாஸ்டுர், இடையர்கள் கும்பிடும் சாதுவான தெய்வம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1895இல், ராபர்ட் சேம்பர்ஸ் இந்தப் பெயர்களை எடுத்துத் தன் ‘மஞ்சள் அரசன்’ தொகுப்பில் வைத்தார். ஞானி ஹாலி ஏரியானார். கார்கோசா வேறொரு வானத்தின் கீழ் நிற்கும் நகரமாயிற்று. ஹாஸ்டுர் ஆளா ஊரா என்றே தெரியாமல் போயிற்று. 1931இல் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் ‘இருளில் கிசுகிசுப்பவன்’ கதையில் அதே பெயர்களை ஒரு நீண்ட பட்டியலில் கோத்துவிட்டுக் கடந்து போனார். அவருடைய நண்பர் ஆகஸ்ட் டெர்லெத் அந்தச் சாது தெய்வத்தைக் கொடும் பூதமாக்கினார். 2014இல் ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொலைக்காட்சித் தொடரில் லூசியானாவின் சதுப்பு நிலத்து இடிபாடு ஒன்றுக்குக் கார்கோசா என்று பெயர். நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில் இத்தனை கை மாறிய இந்தப் பெயருக்கு, எந்தக் கையிலும் ஒரே பொருள் நிலைக்கவில்லை. விசித்திரத் திகில் புனைவு என்று நாம் அழைக்கும் மரபின் செல்வாக்கை அதன் பூதங்களில் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். அது விட்டுச்சென்ற சொத்து ஓர் எழுத்துமுறை: பெயரைச் சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்குள் இருப்பதைச் சொல்லாமல் விடுவது.

சேம்பர்ஸிடம் இந்த முறை மிகத் துலக்கமாகத் தெரியும். தொகுப்பின் பத்துக் கதைகளில் முதல் நான்கில் மட்டுமே ‘மஞ்சள் அரசன்’ என்ற நாடகநூல் தலைகாட்டுகிறது. அதன் முதல் அங்கம் தீங்கற்றது. இரண்டாம் அங்கத்தைப் படித்தவர் மனம் பேதலித்துப் போவார். சேம்பர்ஸ் நமக்குக் காட்டுவது முதல் அங்கத்தின் சில வரிகளை மட்டும். இரண்டாம் அங்கத்தை அவர் எழுதவே இல்லை, எழுதியிருந்தால் கதை செத்திருக்கும். லவ்கிராஃப்டின் நெக்ரோனோமிகான் என்ற கற்பனை நூல் இதைப் பார்த்துப் பிறந்ததுதான் என்று எண்ணத் தோன்றும். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நெக்ரோனோமிகான் பெயர் 1922இல் எழுதிய கதையிலேயே வந்துவிட்டது. சேம்பர்ஸை அவர் படித்தது 1927இல். ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஒரே உத்திக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த உத்தி அக்காலத்துக் காற்றிலேயே இருந்திருக்க வேண்டும். வேல்ஸ் நாட்டு எழுத்தாளர் ஆர்தர் மேச்சன் 1904இல் வெளியிட்ட ‘வெள்ளை மனிதர்கள்’ அதற்கு நல்ல சாட்சி. ஒரு சிறுமியின் பச்சை நோட்டுப் புத்தகமே கதையின் பெரும்பகுதி. அக்லோ எழுத்துகள் முதலாகப் பல பெயர்களை, எல்லாருக்கும் தெரிந்தவைபோல, விளக்கமே இல்லாமல் அவள் எழுதிக்கொண்டு போகிறாள். சிறுமியின் இந்த இயல்பான தொனிதான் வாசகனின் முதுகைச் சில்லிட வைக்கிறது. லவ்கிராஃப்ட் அந்த அக்லோவை அப்படியே தூக்கி 1929இல் வந்த ‘டன்விச் பயங்கரம்’ கதைக்குள் வைத்தார், அவரும் விளக்கவில்லை.

இன்னும் பின்னே சென்றால் எட்கர் ஆலன் போ நிற்கிறார். 1838இல் வந்த அவருடைய ஒரே நாவல், ஆர்தர் கார்டன் பிம் என்பவனின் கடற்பயணம், தென்துருவத்தை நெருங்கும்போது வெண்மையான ஒரு பேருருவத்தின் முன் சட்டென்று அறுந்து நிற்கிறது. நாவல் முடியவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டு எழுதியவர்களை ஒப்பிட்டால்தான் இந்த மரபின் இயக்கம் புரியும். ஜூல்ஸ் வெர்ன் 1897இல் ‘பனிப்பாலைவன ஸ்பிங்ஸ்’ எழுதிப் போவின் கதையை முடித்துவைத்தார். அவர் கண்டுபிடித்த விடை ஒரு காந்த மலை: இரும்பையெல்லாம் இழுக்கும் பாறை, அதில் தோளில் மாட்டிய துப்பாக்கியோடு ஒட்டிக்கிடக்கும் பிம்மின் சடலம். அறிவியல்படி நேர்த்தியான முடிவு. அதிலிருந்து இன்னொரு கதை முளைக்க இடமில்லை. லவ்கிராஃப்ட் 1931இல் எழுதி 1936இல் அச்சேறிய ‘பித்தேறும் மலைகள்’ அதே அண்டார்டிகாவுக்குப் போகிறது. போவின் நாவலில் வெண்பறவைகள் கத்திய விளங்காத ஒலியை எடுத்து, பனிக்கடியில் வாழும் ஓர் உருவற்ற உயிரின் தொண்டையில் வைக்கிறது. எத்தனையோ விஷயங்களை விளக்கவும் செய்கிறது, சில இடங்களில் அளவுக்கு மீறியே. ஆனால் கடைசிப் பக்கத்தில், தப்பிப் பறக்கும் விமானத்திலிருந்து திரும்பிப் பார்த்த இளைஞன் அப்பாலுள்ள மலைகளுக்கு மேலே எதையோ பார்த்துவிடுகிறான். என்ன பார்த்தான் என்பதை அவன் சொல்வதே இல்லை. போ திறந்துவைத்த கதவை வெர்ன் பூட்டினார். லவ்கிராஃப்ட் அதற்குள் நுழைந்து இன்னொரு கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தார். அந்த நாவலை வெளியிட்ட ‘அஸ்டவுண்டிங்’ இதழிலேயே இரண்டாண்டு கழித்து ஜான் கேம்பலின் ‘யார் அங்கே?’ வந்தது. அண்டார்டிகா, பனியில் புதைந்த வேற்றுயிர், நிலையான உருவமில்லாத எதிரி என்று அமைந்த அந்தக் கதையிலிருந்துதான் 1982இல் ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ படம் உருவானது.

இந்தக் கைமாற்றம் ஒரு கூட்டு வழக்கமாக மாறியது ‘வியர்டு டேல்ஸ்’ இதழைச் சுற்றித்தான். 1923 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கிய மலிவுவிலைக் கதை இதழ் அது. ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் லவ்கிராஃப்டின் கதைகளைப் பலமுறை திருப்பி அனுப்பியவர். ‘கதுலுவின் அழைப்பு’ கதையையே முதலில் வேண்டாமென்று சொல்லிவிட்டு 1928இல்தான் போட்டார். இதழில் எழுதிய பலர் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லை, கடிதங்களில் பழகினார்கள். கலிஃபோர்னியாவில் இருந்த கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் சத்தோகுவா என்ற தவளைமுகத் தெய்வத்தை உருவாக்கிக் கைப்பிரதியை லவ்கிராஃப்டுக்கு அனுப்பினார். ஸ்மித்தின் கதை 1931 நவம்பரில் அச்சாவதற்குள், அதே ஆண்டு ஆகஸ்டிலேயே லவ்கிராஃப்டின் கதை வழியாகச் சத்தோகுவா வாசகர்களிடம் போய்விட்டது. கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரை முந்திக்கொண்டார், யாருக்கும் வருத்தமில்லை. பதின்பருவத்திலேயே லவ்கிராஃப்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கிய ராபர்ட் ப்ளாக், 1935இல் அவரைப் போன்ற ஒரு பாத்திரத்தைக் கதையில் கொன்றார். லவ்கிராஃப்ட் மறு ஆண்டே ராபர்ட் பிளேக் என்றொருவனைக் கொன்று பதில் சொன்னார். பின்னாளில் ‘சைக்கோ’ நாவலை எழுதியவர் இந்த ப்ளாக்தான். ஒரே பெயரை வெவ்வேறு கதைகளில், வெவ்வேறு எழுத்தாளர்களிடம் சந்தித்த வாசகர்கள் நெக்ரோனோமிகான் உண்மையான நூல்தானா என்று விசாரிக்கலானார்கள். பொருள் முழுதாகச் சொல்லப்பட்டிருந்தால் முரண்பாடுகள் துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும், இந்த மயக்கம் வாய்த்திருக்காது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு: சொல்லாமல் விடுவது இலக்கியத்துக்கே பொதுவான உத்தி, இவர்களுக்கு மட்டும் ஏன் பட்டயம்? 1898இல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய ‘திருகின் இன்னொரு சுற்று’ இவர்கள் எல்லாரையும்விட நுட்பமாக மௌனம் காக்கிறதே? உண்மைதான். ஆனால் ஜேம்ஸின் மௌனம் ஒரு பெண்ணின் மனத்துக்குள் இருக்கிறது. அவள் கண்டது ஆவியா, அவள் மனத்தின் தோற்றமா என்ற கேள்வி அந்தக் கதையைவிட்டு வெளியே வராது. விசித்திரத் திகிலின் மௌனம் உலகத்தைப் பற்றியது, அதற்கு ஒரு விலாசம்போலப் பெயர் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் இன்னொருவர் அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடிகிறது. இந்த முறைதான் மரபைப் பிழைக்கவைத்தது என்பதற்கு எதிர்த்திசைச் சான்றும் அதே இதழிலேயே கிடைக்கிறது. ‘வியர்டு டேல்ஸ்’ வாசகர்கள் மிகவும் கொண்டாடியவர் லவ்கிராஃப்ட் இல்லை, சீபரி குவின். அவருடைய துப்பறிவாளர் ஜூல்ஸ் த கிராந்தான் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கதைகளில் வந்தார். ஒவ்வொன்றிலும் பேயையோ குற்றவாளியையோ பிடித்து, நடந்தது என்னவென்று கடைசியில் தெளிவாக விளக்கிவிடுவார். விறுவிறுப்பான கதைகள்தான். ஆனால் விளக்கி முடித்த கதையில் அடுத்த எழுத்தாளர் எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. இன்று குவினைத் தேடிப் படிப்பவர்கள் இத்துறையின் தீவிர ஆர்வலர்கள் மட்டுமே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் லவ்கிராஃப்டைக் கிழித்தெறிந்தார். பயங்கரமான, வர்ணிக்க முடியாத என்று உரிச்சொற்களைக் குவிப்பதே இவரிடம் பயமாகிவிட்டது என்பது அதன் சாரம். சொல்லாமல் விடுவதற்கும் சொல்லத் தெரியாமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. வில்சன் சுட்டிய பழுது பல கதைகளில் இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு முறையை அதன் சறுக்கல்களை மட்டும் வைத்து எடைபோட முடியாது. 1927இல் வந்த ‘விண்வெளியிலிருந்து வந்த நிறம்’ கதையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு விண்கல் பண்ணையில் விழுகிறது. அதிலிருப்பது மனிதக் கண் அறிந்த எந்த நிறமும் இல்லை. அதற்கு மேல் அந்த நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. மாறாக, பழங்கள் பெருத்து விளைந்து வாய்க்குக் கசப்பது, மாடுகள் சாம்பல் பூத்து உதிர்வது, ஒரு குடும்பம் கிணற்றைவிட்டு விலக மனமில்லாமல் ஒவ்வொருவராக அழிவது என்று விளைவுகளை ஒரு பண்ணைக்காரரின் பேச்சு வழியாக அடுக்கிக்கொண்டே போகிறது. உரிச்சொல் செய்ய வேண்டிய வேலையை வினைச்சொல் செய்கிறது. இதை அவர் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று ஆல்ஜெர்னன் பிளாக்வுட். டான்யூப் ஆற்றுத் தீவொன்றில் இரண்டு பயணிகள் மாட்டிக்கொள்ளும் ‘வில்லோ மரங்கள்’ (1907) கதையில் மணலில் குழிகள் தோன்றுகின்றன, துடுப்பு ஒன்று காணாமல் போகிறது, மரங்கள் கூடாரத்துக்கு நெருங்கி வந்துவிட்டதுபோல் இருக்கிறது, இவை போன்றவைதான் சான்று. லவ்கிராஃப்ட் இதை ஈடிணையற்ற கதையாக மதித்தார், தன் பலவீனம் எங்கே என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

1937இல் நாற்பத்தாறு வயதில் லவ்கிராஃப்ட் இறந்தபின் நடந்தவை இரண்டு முகம் கொண்டவை. டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் அர்க்காம் ஹவுஸ் பதிப்பகத்தைத் தொடங்கி 1939இல் அவருடைய முதல் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பு இல்லையென்றால் கதைகள் மட்கிய இதழ்த்தாள்களோடு போயிருக்கலாம். அதே டெர்லெத் விடுபட்ட இடங்களையெல்லாம் நிரப்பவும் முற்பட்டார்: நல்ல தெய்வங்கள், கெட்ட தெய்வங்கள், நீர் நெருப்புக் காற்று என்று ஒரு வரிசை. மனிதனை ஒரு பொருட்டாகவே எண்ணாத பிரபஞ்சம், தேவ அசுரப் போராகச் சுருங்கியது. பிற்பாடு 1980களில் கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பிழை நீக்கி மூலபாடத்தை மீட்டவர் புனேயில் பிறந்த எஸ்.டி. ஜோஷி, லவ்கிராஃப்டைத் தனியாகப் படிக்கவேண்டிய எழுத்தாளராக நிறுவியதில் அவர் பங்கு பெரிது. நிரப்பும் ஆசை மட்டும் ஓயவில்லை. திரைப்படத்தில் அதன் விலை கண்கூடாகத் தெரிந்தது. 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில், பாழடைந்த கலத்தின் இருக்கையோடு இறுகிப்போன ஒரு பேருருவின் சடலம் சில நிமிடங்கள் காட்டப்பட்டு, விளக்கமின்றி விடப்படுகிறது. அந்தப் படத்தின் வேற்றுயிரை வடித்த கீகரின் ஓவியத் தொகுப்புக்கு நெக்ரோனோமிகான் என்றே பெயர். 2012இல் ரிட்லி ஸ்காட் ‘ப்ரொமிதியஸ்’ எடுத்து அந்தச் சடலம் யாருடையது என்று சொன்னார். முப்பத்துமூன்று ஆண்டுகள் பார்வையாளர் மனத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒன்று, கவச உடை போட்ட வெளிறிய மனிதனாகக் குறுகிவிட்டது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் இந்த ஆபத்தை நன்கு அறிந்திருந்தார். லவ்கிராஃப்டை உயர்வாக மதிக்காதபோதும் 1975இல் அவர் நினைவுக்கென ஒரு கதை எழுதினார். விசித்திரமான வீட்டின் அறைகலன்களை மட்டும் வர்ணித்து, அவற்றில் அமரக்கூடிய உடல் எப்படிப்பட்டது என்று நம்மை நினைக்கவைத்து, அது மாடிச்சரிவில் ஏறி வரும்போது கதையை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். வெற்றிடம் என்று சொல்லப்படுவது வெற்றாக இருப்பதில்லை. எழுதுகிறவனின் வெறுப்பு அங்கே போய்த் தங்கிவிடுகிறது. லவ்கிராஃப்டின் இனவெறி கடிதங்களில் மட்டும் இல்லை. 1927இல் வெளியான ‘ரெட் ஹுக் பயங்கரம்’ கதையில் புரூக்ளினின் குடியேறிகள் முகமும் பெயரும் அற்ற கும்பலாக வருகிறார்கள், பயங்கரம் என்ற சொல்லுக்கு அவர்களே பொருளாக்கப்படுகிறார்கள். இது அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது: போவின் பிம் பயணத்தில் பல்கூடக் கறுத்த மனிதர்களின் தீவு இருக்கிறது, அதைத் தாண்டினால் அந்த வெண்பேருருவம். டோனி மாரிசன் 1992இல் தன் விமர்சன நூலில், அமெரிக்க இலக்கியம் வெண்மையைக் கட்டியெழுப்பிய விதத்தை விளக்க இந்த முடிவையே எடுத்துக்கொண்டார். ஆகவே இந்த எழுத்துமுறையை மாசற்றது என்று சொல்ல வழியில்லை. ஆனால் அதற்கான மிக வலுவான பதில்கள் அந்த முறைக்குள்ளிருந்தே எழுந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். உலகக் கற்பனைப் புனைவு விருதின் லவ்கிராஃப்ட் தலைச்சிலையை 2015இல் கைவிட்டது நியாயமான முடிவு, ஜோஷி அதை எதிர்த்துத் தன் விருதுகளைத் திருப்பி அனுப்பியபோதிலும். அதைவிட ஆழமான செயல் நாவல்களில் நடந்தது. மேட் ஜான்சன் 2011இல் ‘பிம்’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதி, போவின் கறுப்புத் தீவைத் தேடி ஒரு கறுப்பினப் பேராசிரியரைத் தென்துருவத்துக்கு அனுப்பினார். அங்கே பயப்பட வேண்டியவையாக எதிர்ப்படுபவை வெள்ளைப் பேருருவங்கள். விக்டர் லாவால் 2016இல் ‘பிளாக் டாமின் கதைப்பாடல்’ எழுதி ‘ரெட் ஹுக்’ கதையை மறுபக்கத்திலிருந்து சொன்னார். ஹார்லெமில் வாழும் கறுப்பின இளைஞன் டாமியின் தந்தையைக் கையிலிருந்த கிட்டாரைத் துப்பாக்கி என்று சொல்லிச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். லவ்கிராஃப்டுக்கு, மனிதனைக் கண்டுகொள்ளாத பிரபஞ்சம்தான் தாங்க முடியாத பயங்கரம். தினமும் வெறுப்போடு உற்றுப் பார்க்கப்படும் ஒருவனுக்கு அந்தப் பாராமுகம் ஒரு விடுதலையாகவே தோன்றக்கூடும். கடலடியில் உறங்கும் கதுலு என்ற அந்தப் பழைய பெயரை டாமி அழைப்பது அதனால்தான்.