தலை முதல் கால் வரை தெரிந்த சண்டை

சண்டைப்படத்துக்குச் சினிமாப் பக்கத்தில்தான் இடம். இந்த வாரம் அதை விளையாட்டுப் பக்கத்துக்கு இழுத்து வந்திருக்கிறேன். 1970களில் ஹாங்காங்கில் எடுத்த குங்ஃபூ படங்களைச் சின்னசேலம் வட்டாரத்தில் கதைக்காகப் பார்த்தவர் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கோட்டோரம் நின்று கபடி பார்ப்பது மாதிரிதான் பார்த்தார்கள். எவன் கால் தலைக்கு மேலே போகிறது, எவன் அடி வாங்கியும் நிலை மாறாமல் நிற்கிறான், எந்த உதை நிஜமாகப் பட்டது, எங்கே டூப் போட்டார்கள்? மறுநாள் டீக்கடையில் இதுதான் பேச்சு. அப்படி அலசுவதற்கு அந்தப் படங்கள் இடம் கொடுத்தன. வீட்டுக்கு வந்த வீடியோ அதைக் கொஞ்சம் கூட்டியது, கொஞ்சம் கெடுத்தது.

முதலில் டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி. எண்பதுகளின் கடைசியில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் மேற்கோரத்து ஊர்களில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி, கோயில் திருவிழா என எது நடந்தாலும் ராத்திரிக்கு டெக் எடுப்பது வீட்டுக்காரருக்கு ஒரு கௌரவம். கள்ளக்குறிச்சியிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ கலர் டிவியும் டெக்கும் கேசட்டுகளும் வந்து இறங்கும். கல்வராயன் மலைக்கு ஏறுவதென்றால் கரண்டை நம்ப முடியாது, ஜெனரேட்டருக்கும் சேர்த்து வாடகை பேச வேண்டும். முதல் கேசட் சாமி படம். அடுத்தது எம்.ஜி.ஆரோ ரஜினியோ. நடுநிசி தாண்டி, பாதிக் கூட்டம் பாயில் சாய்ந்த பிறகு மூன்றாவதாக ‘இங்கிலீஷ் சண்டைப்படம்’ ஓடும். சீனர்கள் நடித்து, ஹாங்காங்கில் எடுத்து, யாரோ ஆங்கிலத்தில் குரல் கொடுத்த படம். உதடு ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. படவும் தேவையில்லை. அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவற்றை ஒலி இல்லாமலே எடுத்து, பேச்சையும் அடிச் சத்தத்தையும் பிறகுதான் சேர்த்தார்கள். சீனர்கள் பார்த்ததும் டப்பிங்தான்.

தியேட்டரில் இல்லாத ஒன்று டெக்கில் இருந்தது: ரீவைண்ட். “அண்ணே, அந்த உதைய இன்னொருக்கா போடுண்ணே” என்று முன்வரிசை கத்தும். டெக்கோடு வந்தவர் முதலில் முறைப்பார். ஹெட் தேயும், டேப் மாட்டிக்கொள்ளும் என்பார். பிறகு அவருக்கே ஆசை வந்து பட்டனை அழுத்துவார். படம் ஓடும்போதே ரீவைண்ட் அழுத்தினால் காட்சி பின்னோக்கி ஓடும். மண்ணில் கிடந்த வில்லன் எழும்பிப் பறந்து போய் ஹீரோவின் காலில் ஒட்டிக்கொள்வான், கால் மடங்கித் தரைக்குத் திரும்பும். சிரிப்புக்காக அதைப் பார்த்த பையன்கள் சும்மா பார்க்கவில்லை. உதைக்கு முன்னால் இடுப்பு எப்படித் திரும்பியது, ஊன்றிய காலின் குதிகால் எந்தப் பக்கம் சுழன்றது என்பதெல்லாம் தலைகீழாக ஓடும்போதுதான் கண்ணில் பட்டது. நிறுத்திப் பார்க்கலாம் என்றால் அது நடக்காது. இரண்டு ஹெட் வைத்த சாதாரண டெக்கில் பாஸ் போட்டால் திரை முழுக்கக் கோடு விழும். படம் அசையாமல் நிற்க நாலு ஹெட் டெக் வேண்டும், வாடகைக்கு வந்தது அந்த ரகம் இல்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 படங்கள். நம் நாட்டு டிவி ‘பால்’ முறை, நொடிக்கு 25. ஃபிலிமை அப்படியே அந்த முறைக்கு மாற்றும்போது 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். உதையும் குத்தும் நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடிவிடும், புரூஸ் லீயின் கீச்சுக் குரல் இன்னும் சற்று மெலியும். ஹாங்காங் ஸ்டண்ட் ஆட்களோ சண்டை எடுக்கும்போதே கேமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு, திரையில் வேகம் கூட்டும் வித்தை தெரிந்தவர்கள். ஆக, தியேட்டர் புரூஸ் லீயைவிட டெக் புரூஸ் லீ ஒரு பிசிறு வேகமானவர்.

கெடுத்தது என்ன? அகலம். ஷா பிரதர்ஸ் நிறுவனம் தன் சண்டைப் படங்களை ‘ஷாஸ்கோப்’ என்ற அகலத்திரையில் எடுத்தது. உயரம் 1 என்றால் அகலம் 2.35. பழைய டிவிப் பெட்டி 4:3. கேசட்டுக்காக இரு பக்கமும் வெட்டியபோது படத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. இந்தப் படங்களுக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. ஏனென்றால் இரண்டு பேரைத் திரையின் இரு ஓரத்தில் நிறுத்தி, இடையில் உள்ள தூரத்தை வைத்துத்தான் அவர்கள் சண்டையே அமைத்தார்கள். கேசட்டில் ஒருவர் மட்டும் தெரிவார், திடீரென்று எங்கிருந்தோ ஒரு கால் உள்ளே வரும். ரெஃப்ரியைக் காட்டாத கபடி ஒளிபரப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ரைடரையே காட்டாவிட்டால்?

இத்தனைக்குப் பிறகும் நிமிர்ந்து நின்ற படம் ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ (1978). இயக்குநர் லாவ் கார்-லியுங், நாயகன் கார்டன் லியு. லாவ் படம் எடுக்க வந்த பிறகு குங்ஃபூ கற்றவர் அல்ல. தந்தையிடம் கற்றவர். அந்தத் தந்தையின் ஆசான் லாம் சாய்-விங், புகழ்பெற்ற வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர். அந்தப் பரம்பரை படத்தில் தெரிகிறது. நடுப்பகுதியில் பழிவாங்கும் கதை கிட்டத்தட்ட காணாமல் போய்விடுகிறது, பயிற்சிதான் படம். தண்ணீரில் மிதக்கும் கட்டைகள் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். தண்ணீர் வாளிகளை இரு கையையும் பக்கவாட்டில் நீட்டித் தூக்கி மேடேற வேண்டும், கை தொய்ந்தால் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். நீளக் கம்பின் நுனியில் கனத்தை மாட்டி மணிக்கட்டு வலுவில் மணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு அறையும் ஒரு தசை, ஒரு புலன். இன்றைய உடற்பயிற்சிக் கூடத்தில் ‘கோர்’, ‘கிரிப்’ என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதை அந்தப் படம் ஒரு மொட்டைத்தலைச் சாமியாரின் வியர்வையில் காட்டியது. கத்தி கட்டிய கையோடு மேடேறும் அந்தக் காட்சிக்கு மொழி எதற்கு? இரண்டு குடம் தண்ணீர் தூக்கிய எவருக்கும் தோள்பட்டை எரிவது புரியும்.

தமிழ் சினிமாவுக்கும் புரிந்தது. 1983 பொங்கலுக்கு ஏவி.எம். தயாரிப்பில், எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில் வந்த ‘பாயும் புலி’யில் ரஜினி சண்டை கற்கும் பகுதி ஷாவோலின் படத்தின் தாக்கத்தில் பிறந்தது. பழிக்குப் புறப்படும் முன் உடம்பைத் தயார் செய்வது அப்போது நம் கதாநாயகர்களுக்குப் புதிது, பிறக்கும்போதே பத்துப் பேரை அடிக்கத் தெரிந்தவர்கள்தானே அவர்கள். அந்தக் காலத்து ரஜினி படங்களின் சண்டைகளை அமைத்துப் பேர் போனவர் குடியாத்தத்துக்காரர் ஜூடோ ரத்னம். 2023 ஜனவரியில் காலமானார். ‘முரட்டுக் காளை’ ரயில் சண்டையை இப்போது போட்டுப் பாருங்கள். வெட்டு இருக்கிறது, ஆனால் ஓடும் ரயிலும் மேலே நிற்கும் ஆளும் ஒரே ஃபிரேமில் இருக்கிறார்கள். அந்த ஒரே ஃபிரேம்தான் நம்பிக்கை.

இங்கேதான் என் கட்சி. குங்ஃபூ படத்தின் கவர்ச்சி வன்முறையில் இல்லை, பறப்பதில் இல்லை, வெட்டாமல் காட்டியதில் இருக்கிறது. ‘வே ஆஃப் தி டிராகன்’ (1972) படத்தில் ரோம் கொலோசியச் சண்டையைப் பாருங்கள். எழுதி இயக்கியவரே புரூஸ் லீ. எதிரே சக் நாரிஸ், நிஜத்தில் கராத்தே சாம்பியன். அடி விழுவதற்கு முன் இருவரும் நிதானமாக உடம்பைச் சூடேற்றுகிறார்கள். விரல் சொடுக்கு, தோள் நீட்டல் எல்லாம் முழுதாகக் காட்டப்படுகிறது. முதல் சுற்றில் லீ அடி வாங்கி விழுகிறார். பிறகு அவர் மாற்றுவது அடியை அல்ல, காலடியை. குதிகாலைத் தரையிலிருந்து எடுத்து, குத்துச்சண்டைக்காரரைப் போலத் துள்ளத் தொடங்குகிறார். நாரிஸ் தன் இறுகிய நிலையிலேயே நிற்கிறார், தூரம் கணக்குத் தப்புகிறது, ஆட்டம் கைமாறுகிறது. உடலமைப்பில் பெரிய ஆளை எப்படி வெல்வது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எந்த நேரலையிலும் நான் பார்த்ததில்லை. அந்தப் படம் வந்த அடுத்த ஆண்டு, 1973 ஜூலை 20 அன்று, 32 வயதில் லீ இறந்துபோனார். அவரை நம்மூர்ப் பையன்கள் பார்த்ததெல்லாம் இறந்த பிறகுதான்.

ஜாக்கி சான் வேறு வகை. பீக்கிங் ஓபெரா பள்ளியில் அடி வாங்கி வளர்ந்தவர், அடி வாங்குவதையே கலையாக்கினார். 1978இல் வந்த ‘டிரங்கன் மாஸ்டர்’ படத்தில் தள்ளாட்டம் முழுக்கச் சமநிலைப் பயிற்சி. தள்ளாடுவது போல நடிக்க, தள்ளாடாத இடுப்பு வேண்டும். ஆனால் டெக் தலைமுறைக்கு அவர் தந்த பெரிய பரிசு ரீப்ளே. ‘புராஜெக்ட் ஏ’ (1983) படத்தில் மணிக்கூண்டிலிருந்து துணிப்பந்தல்களைக் கிழித்துக்கொண்டு விழும் காட்சியை இரண்டு முறை காட்டுவார். ‘போலீஸ் ஸ்டோரி’ (1985) படத்தில் விளக்குகள் சுற்றிய கம்பத்தில் வணிக வளாகத்தின் அடித்தளம் வரை சறுக்குவதை வேறு வேறு கோணத்தில் திரும்பக் காட்டுவார். ரன் அவுட்டை மூன்று கேமராவில் காட்டும் அதே புத்தி. டெக்கோடு வந்தவர் முறைக்கத் தேவையே இல்லாமல் படமே ரீவைண்ட் செய்துகொண்டது. கடைசியில் எழுத்து ஓடும்போது, தவறி விழுந்த காட்சிகள். இதற்காக ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். 2008இல் ‘தசாவதாரம்’ பாடல் வெளியீட்டுக்கு அவர் சென்னைக்கு வந்தபோது கூடிய ஆரவாரத்துக்குக் வாடகைக்கு எடுத்த கேசட்டுகள்தான் முதலீடு. பிறகு சுட்டி டிவியில் கார்ட்டூன் ஜாக்கி தமிழ் பேச, அடுத்த தலைமுறையும் சேர்ந்துகொண்டது.

கேசட்டுக்கும் டிவிடிக்கும் நடுவில் வந்த விசிடியைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மலிவு, சரி. ஒரு படத்துக்கு 352×288 புள்ளிகள். வேகமான அசைவு வந்தால் தகவல் போதாமல் திரை சதுரம் சதுரமாக உடையும். காதல் காட்சிக்கு அது தாங்கும், சுழல் உதைக்குத் தாங்காது. மங்கலாக இருந்தாலும் கேசட்டில் அசைவு அறுபடவில்லை. திருட்டு விசிடிக்காரர்களைத் தமிழக அரசு 2004இல் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது சினிமாக்காரர்கள் மகிழ்ந்தார்கள், நான் ஒரு குங்ஃபூ ரசிகனாகவும் வருந்தவில்லை.

ஷா பிரதர்ஸ் படங்களில் 760 வரை செலஸ்டியல் நிறுவனம் 2000இல் வாங்கி, சுத்தம் செய்து, முழு அகலத்தில் டிவிடியாக வெளியிடத் தொடங்கியது. அப்போதுதான் பலருக்குக் கேசட்டில் வெட்டுப்பட்டுப் போன அந்த இரண்டாவது ஆள் தெரிந்தார். வெறுமனே காத்து நிற்கும்போதும் அவர் ஒரு நிலை பிடித்தே நின்றிருக்கிறார்.

நம் சண்டைக் காட்சிகள் வேறு வழியில் போயின. ரோப், கிராஃபிக்ஸ், ஒரு குத்துக்கு நாலு வெட்டு. 2011இல் ‘ஏழாம் அறிவு’ போதிதர்மரைக் காஞ்சியிலிருந்து சீனாவுக்கு அனுப்பிக் குங்ஃபூவுக்கே தமிழ் வேர் கொடுத்தது. அவரைச் சண்டைக்கலையோடு முடிச்சுப் போடுவது 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் தொடங்கிய கதை என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. எனக்கு அந்தப் படத்தில் வருத்தம் வேறு: வெளிநாட்டிலிருந்து ஜானி ட்ரி நுயென் என்ற நிஜ வித்தைக்காரரை அழைத்து வந்தும், அவர் காலை முழுசாகப் பார்க்க நமக்கு நேரம் கொடுக்கவில்லை.

பாயில் படுத்து நாங்கள் மனத்துக்குள் போட்ட மார்க்குகளை இப்போது நடுவர்கள் அதிகாரபூர்வமாகவே போடுகிறார்கள். ஆசிய விளையாட்டில் 1990 முதல் குங்ஃபூவின் போட்டி வடிவமான வூஷூ இருக்கிறது. அதில் வித்தையை ஆடிக்காட்டும் தாவ்லு பிரிவில் அசைவின் தரத்துக்கு 5, ஒட்டுமொத்த வெளிப்பாட்டுக்கு 3, கடினத்துக்கு 2. கடினத்துக்குத்தான் குறைந்த மதிப்பெண் என்பது லாவ் கார்-லியுங்குக்குப் பிடித்திருக்கும். நேருக்கு நேர் மோதும் சாண்டா பிரிவில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி ஹாங்சோ போட்டியில் 2023இல் வெள்ளி வென்றார்.

நம் சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க ஆட்டமாக இடம் பெற்றது. பள்ளி மைதானங்களில் கம்பு சுற்றும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள், அதை எடுக்கும் போன்களும் பெருகியிருக்கின்றன. எல்லாம் ரீல்ஸுக்காகச் செங்குத்தாக. நெற்றி உயரக் கம்பு பக்கவாட்டில் விரியும்போது இரண்டு நுனியும் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன. மிச்சம் ஒரு நடுக்கம்பும் இரண்டு கையும். டெக் காலத்தில் கேசட்காரர் வெட்டினார், இப்போது நாமே வெட்டுகிறோம். போனைப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொன்னால் லைக் வராது என்கிறார்கள்.