சுவரில் ஒரு விண்முகில்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் லயன் வீடுகளில், ஒரு காலத்தில் முருகன், இலக்குமி முதலிய தெய்வப் படங்களே சுவரை அணிசெய்தன. இன்று வீட்டு அழகுக்கெனச் சட்டமிட்டு விற்கப்படும் படங்களுள் நெபுலா என்னும் விண்முகிலின் நிழற்படமும் ஒன்று. இஃது வெறும் வண்ணக்கோலமா, மெய்யுரைக்கும் படமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வகையிற் புகழ்மிக்கது, 1995-இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’. கழுகு நெபுலாவில், புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயுவும் தூசியும் திரண்ட தூண்கள் அவை. அப்படத்திற் சிவப்பு கந்தகத்தையும், பச்சை ஹைட்ரஜனையும், நீலம் ஆக்சிஜனையும் குறிக்கும். இயல்பிற் சிவந்தொளிரும் ஹைட்ரஜனுக்குப் பச்சை தந்தமையால், இதனைப் பொய்வண்ணம் என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. நிலப்படத்தில் மலைக்கு மண்ணிறமும் தாழ்நிலத்திற்குப் பச்சையும் தீட்டுவதைப் பொய்யென்பார் யார்? பொருளுக்கு ஒரு நிறமென வகுத்துக்கொண்ட முறை அது. அம்முறையை விளக்கும் குறிப்பு ஒன்றுமின்றிப் படத்தை விற்பதே குறை. குறிப்பற்ற நிலப்படம் வெறும் வண்ணத்தாள் அன்றோ!

மற்றொரு குறையும் உண்டு. கழுகு நெபுலா ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவினது. வெறுங்கண்ணால் எளிதிற் காணவியலாதது. ஆதலின், படத்தைக் கண்ட சிறுவன் வானிற் சென்று தேட வழியில்லை.

ஒராயன் நெபுலாவோ அத்தகையதன்று. 1880 செப்டம்பர் 30-இல், ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் ஒளியேற்றி எடுத்த இதன் படமே நெபுலாப் படங்களுள் முதலாவது. மிருகசீரிடமும் திருவாதிரையும் அமைந்த விண்மீன் கூட்டத்திலேயே இது உள்ளது. வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களுக்குத் தெற்கே மங்கிய புகைபோலத் தோன்றும். நெகிரி செம்பிலான் நிலநடுக்கோட்டை அடுத்திருத்தலின், அக்கூட்டம் அங்கே ஏறத்தாழ உச்சிவானிலேயே கடக்கும். அக்டோபரில், இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளரின் தலைக்குமேல் நின்றது இதுவே. கண்ணுக்குச் சாம்பல் நிறமாய்த் தெரிவது படத்திற் செவ்வொளி வீசுவதேன்? மங்கிய ஒளியில் நம் கண் நிறமறியாது. நிழற்படக் கருவியோ நெடுநேரம் ஒளியைச் சேர்த்து வைக்கும்.

வனப்பில் தூண்களின் படமே மேலானது. ஆயினும், இல்லத்துச் சுவருக்கு ஒராயன் படமே ஏற்றது. அதன்கீழ் பெயர், தொலைவு ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு, நிறங்களின் பொருள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இதனை மேற்கொள்வாராயின், சுவரிற் கண்டதை மாணவர் முற்றத்தில் நின்று வானிலும் காண்பர்.